நான்காவது மாடியில் ஓர் உடும்பு

1

மர்சேல் எங்கள் வீட்டுக்கு வந்து, கடந்த செவ்வாய்க்கிழமையோடு ஏழு வருடம் முடிந்தது. மகள் லீலா தொலைபேசியில் கூப்பிட்டு நினைவுபடுத்தினாள். அதற்கு முந்தைய வாரம் என் பிறந்தநாள் வந்து போனது. அதை யாரும் யாருக்கும் நினைவுபடுத்தவில்லை.

மர்சேல் ஓர் உடும்பு. மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை தூக்கிப் பிடித்தால் என் மனைவி விஜயாவின் இடுப்புக்கு மேலே வரும். தூக்கிப் பிடிக்க விஜயா இதுவரை சம்மதித்ததில்லை என்பதால் இது உத்தேசக் கணக்குதான்.

புதுச்சேரியில் சிறுபத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர், "முப்பது வருஷமா பாரிஸ் பக்கத்துல இருக்கீங்க, ஏதாச்சும் எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் எதிர்பார்ப்பது பனி, மெட்ரோ ரயில், தமிழ்ச் சங்கத்துப் பொங்கல். என்னிடம் இருப்பது உடும்புதான்.

2

நாங்கள் பிரெஞ்சுக்காரர்கள் ஆன கதை ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. நான் பிறந்தபோது புதுச்சேரி பிரான்சின் கையில் இருந்தது. ஊர் கைமாறியபோது யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்டார்கள். அப்பா பிரான்சு என்று கையெழுத்துப் போட்டார். அவர் பிரான்சைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்தக் கையெழுத்தின் புண்ணியத்தில் நான் பிரெஞ்சு ராணுவத்தில் சமையல்காரனாகச் சேர்ந்து, ஓய்வுபெற்று, இந்தப் புறநகரில் நான்காவது மாடிக்கு வந்து சேர்ந்தேன்.

இன்றும் அடையாள அட்டை புதுப்பிக்கப் போனால் நான் பிரெஞ்சுக்காரன் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். என் பிறப்புப் பதிவு, அப்பாவின் பிறப்புப் பதிவு, அவர் கையெழுத்துப் போட்ட தாளின் நகல், அந்த நகல் நகல்தான் என்பதற்கு ஒரு சான்று. எல்லாவற்றையும் ஒரு பச்சைக் கோப்பில் வைத்திருக்கிறேன். மர்சேலுக்கு ஒரே ஒரு தாள். பிறந்த நாடு ஆப்பிரிக்காவின் தோகோ, கீழே ஒரு முத்திரை. அந்தத் தாளை இதுவரை யாரும் இரண்டாவது முறை கேட்டதில்லை.

லீலாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒரு கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருந்தாள். யாரோ உள்ளங்கை அளவுக் குட்டியாக வாங்கி, அது வளர வளரப் பயந்துபோய், பெட்டியில் போட்டு மருத்துவமனை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தாளும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. மருத்துவர் நாய் பூனைக்கு மட்டும்தான் பார்ப்பார். லீலா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பிரெஞ்சில் உடும்புக்கு 'வரான்' என்று பெயர். லீலா கதவைத் திறந்தபடியே, "மம்மா, வரான்!" என்று கத்தினாள்.

விஜயா புடவையைச் சரிசெய்துகொண்டு வாசலைப் பார்த்தாள். "யாருடி வரான்?"

வந்தவனைப் பார்த்ததும் அவள் சமையலறைக் கதவைச் சாத்தியவள்தான். சாப்பாட்டு நேரம் தாண்டியும் திறக்கவில்லை.

"ஒரு வாரம்தான், பாப்பா" என்றாள் லீலா. அவள் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். பிரெஞ்சில் அப்பா என்று அர்த்தம். ஊரில் சொந்தக்காரர்கள் முன்னால் அவள் என்னைப் பாப்பா என்று கூப்பிடும்போதெல்லாம் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார்கள்.

3

ஒரு வாரம் மூன்று வருடமானது. கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் சூடேற்ற ஒரு விளக்கு. உறைபெட்டியில் வஞ்சிரம் மீன் பொட்டலத்துக்கும் இட்லி மாவு டப்பாவுக்கும் நடுவில் உறைந்த எலிகள் ஒரு பை. விஜயா ஒருமுறை அவசரத்தில் தவறான பையை எடுத்து வெந்நீரில் போட்டுவிட்டாள். அதற்கப்புறம் ஒரு மாதம் எங்கள் வீட்டில் சைவம்.

எனக்கு உடும்பு என்றால் சின்ன வயதில் பார்த்த ஒரே காட்சிதான். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை ஒட்டிய நடைபாதையில் ஒருவர் இரும்புச் சட்டியோடு குந்தியிருப்பார். பக்கத்தில் நாலைந்து உடும்புகள், கால்களைப் பின்னால் முறுக்கிக் கட்டி, உயிரோடு. மூட்டு வலிக்கு உடும்பு எண்ணெய். அப்பா ஒரு சீசா வாங்கி முழங்காலில் தேய்த்துக்கொள்வார். அந்த உடும்புகளின் கண் திறந்தே இருக்கும். நான் வேறு பக்கம் பார்ப்பேன். அப்பாவின் முழங்கால் கடைசிவரை வலித்தது.

இங்கே அதே சாதிப் பிராணி என் சோபாவில் படுத்து, என் மகள் மடியில் தலைவைத்து, தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை பார்த்தது. நாங்கள் லீலாவுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தோம். அவள் உடும்புக்குப் பிரெஞ்சுப் பெயர் வைத்தாள். என்னிடம் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மர்சேலிடம் மணிக்கணக்கில் பேசுவாள். நானும் விஜயாவும் கலந்து பேசி, எந்தப் புலம்பெயர்ந்த பெற்றோரும் எடுக்கும் முடிவை எடுத்தோம். ஊருக்குக் கூட்டிப்போய் மாப்பிள்ளை பார்ப்பது.

4

என் அக்கா சரோஜாவின் வீடு புதுச்சேரி சாரத்தில். நாங்கள் போய் இறங்கிய இரண்டாம் நாளே மூன்று ஜாதகங்கள் காத்திருந்தன. லீலாவின் படிப்பு, குணம், நிறம் எதையும் யாரும் விசாரிக்கவில்லை. "பொண்ணு நாசியோனாலிட்டேதானே?" என்று மட்டும் கேட்டார்கள். குடியுரிமையைக் குறிக்கும் அந்த ஒரு பிரெஞ்சு வார்த்தை மட்டும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் சுத்தமாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பையன் வீட்டார் வந்தார்கள். பையன் கம்ப்யூட்டர் இன்ஜினியர். அன்றைக்குப் பார்த்து வீட்டு மோட்டார் மக்கர் செய்து குழாயில் தண்ணீர் வரவில்லை. அக்கா வீட்டுக்காரர், என் மாமா, சேதராப்பட்டுத் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். தன்னிடம் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருந்தார். கடலோரக் கனகசெட்டிக்குளத்துப் பையன், பெயர் அய்யனார். அவன் கொல்லையில் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருக்க, கூடத்தில் கேசரி பரிமாறப்பட்டது.

"பொண்ணுக்கு என்னாம்மா புடிக்கும்?" என்று கேட்டார் பையனின் அம்மா.

லீலா விமானத்திலேயே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தாள். உடும்பு என்ற வார்த்தை அவளுக்கு வாயில் நுழையாததால் தெரிந்ததை வைத்துச் சமாளித்தாள். "எனக்கு வீட்ல ஒரு பெரிய பல்லி இருக்கு. கல்யாணம் ஆனாலும் அது என்கூடத்தான் இருக்கும்."

"பல்லி எல்லா வூட்லயும்தானம்மா இருக்குது!" பையனின் அம்மா சிரித்துவிட்டார்.

லீலா கைப்பையிலிருந்து புகைப்படத்தை எடுத்து நீட்டினாள். சோபாவில் அவள், மடியில் மர்சேல், வால் சோபாவைத் தாண்டித் தரையில். பையனின் அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

"இது உடும்பாச்சே!"

"கறி நல்லாருக்கும்" என்றார் பையனின் சித்தப்பா. அந்த அம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் மீதிக் கேசரியைச் சாப்பிடவில்லை.

அப்புறம் அந்த அம்மாள் புகைப்படத்தை மறுபடி கையில் எடுத்தார். ஒரு பக்கம் உடும்பும் இன்னொரு பக்கம் பாஸ்போர்ட்டும் ஏறி இறங்குவது முகத்திலேயே தெரிந்தது. "வாயில்லாத ஜீவன். பாவம். நம்ப புள்ளைக்கும் சின்ன வயசுலேர்ந்து இதுங்கன்னா உசுரு" என்றார்.

"ஆமா ஆன்ட்டி, எனக்கு ரொம்பப் புடிக்கும்" என்று விஜயாவைப் பார்த்துச் சொன்னான் பையன். புகைப்படத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்திருந்தான்.

அதற்குள் மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது. கை கழுவிவிட்டு வந்த அய்யனாருக்கு அக்கா கதவோரத்தில் டீ கொடுத்தாள். கை மாறி மாறி வந்த படம் அவனிடமும் போனது. அவன் டீயை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தான்.

"யாரு சார் இத வளக்கறது?"

"எம் பொண்ணு."

"இது தாங்காது சார்."

எல்லோரும் திரும்பினார்கள். அவன் என்ன சொல்கிறான் என்று லீலா என்னிடம் பிரெஞ்சில் கேட்டாள். நான், "நன்றாக வளர்ந்திருக்கிறது என்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

லீலா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து அவன் எதிரில் போய் நின்று, தன்னிடம் இருந்த தமிழை எல்லாம் திரட்டிக் கேட்டாள். "சாவுமா?"

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இப்டியே வுட்டா சாவுங்க. வயிறு தரையில இழுக்குது பாருங்க. ஓடற உடும்புக்கு இடுப்பு தெரியும். இதுக்கு உள்ள முழுக்க கொழுப்பு."

"உனக்கு எப்டி தெரியும்?"

"அறுத்துப் பாத்துருக்கேன்ங்க. சின்னப்ப முந்திரித் தோப்புல நாய வச்சிப் புடிப்போம்."

"நீ கொன்னியா?"

"ஆமாங்க. இப்ப இல்ல. இப்ப புடிச்சா ஜெயிலு."

அவன் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். லீலாவின் கண் நிறைந்துவிட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா எவ்வளவு தட்டியும் திறக்கவில்லை. பையன் வீட்டார் கைநனைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அந்த அம்மாள் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். "அது போய்ச் சேந்துட்டா நல்லதுதானுங்களே? அப்புறம் நமக்கு ஒரு பிரச்சினையும் இல்ல."

இதையும் லீலாவுக்கு நான் மாற்றித்தான் மொழிபெயர்த்தேன். ஆனால் அக்கா பக்கத்தில் இருந்து சைகையோடு சரியாகச் சொல்லிவிட்டாள். மீதி இரண்டு ஜாதகங்களும் பிரிக்கப்படவில்லை.

5

திரும்பி வந்ததும் ஊர்வன பார்க்கும் மருத்துவர் ஒருவரைத் தேடிப்பிடித்தோம். அவர் எக்ஸ்ரே எடுத்து, ரத்தம் எடுத்து, அய்யனார் சொன்னதையே லத்தீன் வார்த்தைகள் சேர்த்துச் சொன்னார். ஈரல் முழுக்கக் கொழுப்பு. எலியும் முட்டையும் கொடுத்துக் கொடுத்து அன்பாலேயே கொன்றுகொண்டிருந்தோம்.

லீலா உறைபெட்டியிலிருந்த எலிப் பையைக் குப்பையில் போட்டாள். மூன்றாம் நாள் வந்து, "பாப்பா, அந்த ஆளோட நம்பர்" என்றாள்.

ஞாயிறு காலை நான் அய்யனாருக்குத் தொலைபேசி போட்டேன். அவனுக்கு அப்போது மதியம் தாண்டியிருக்கும். நான் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மொழிபெயர்த்தேன்.

"நாள் பூரா என்னா சார் பண்ணுது?"

"வெளக்குக்கு அடியில படுத்துருக்கும்."

"அதான். நோண்டணும் சார் அது. நோண்டிக்கிட்டே இருக்கணும். இடுப்பளவுக்கு மண்ணு போடுங்க."

"தம்பி, இது நாலாவது மாடி."

"அது அதுக்குத் தெரியாதுல்ல சார்?"

லீலா தன் அறையைக் காலிசெய்து கூடத்துச் சோபாவுக்கு வந்துவிட்டாள். அவள் அறையில் பலகையடித்து ஒரு பெரிய தொட்டி கட்டினேன். தோட்டக் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக மண் வாங்கி லிஃப்டில் ஏற்றினேன். ஊர் மண்ணை விட்டு வந்தவர்கள் உருகி எழுதும் கட்டுரைகள் நிறையப் படித்திருக்கிறேன். இடுப்புப் பிடித்துக்கொண்ட பிறகு எனக்கு மண் மேல் அப்படி ஒன்றும் உருக்கம் வரவில்லை.

லிஃப்ட் அழுக்கானதில் கட்டட நிர்வாகத்திடமிருந்து பதிவுத் தபால் வந்தது. அவர்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, வரானுக்காகத்தான் மண் கொண்டுபோனேன் என்று விளக்கினேன். என் உச்சரிப்பில் அந்தப் பெண்ணுக்கு 'வெரான்தா' என்று கேட்டிருக்கிறது. அனுமதி இல்லாமல் நான்காவது மாடியில் வராந்தா கட்டுவதாக இரண்டாவது பதிவுத் தபால் வந்தது. ஆய்வுக்கு வந்தவர் வராந்தாவைத் தேடி அறைக்குள் எட்டிப் பார்த்தார். மர்சேல் மண்ணுக்குள்ளிருந்து தலையை நீட்டிச் சீறியது. வராந்தா இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு உடனே போய்விட்டார்.

எலிக்குப் பதில் இனிமேல் பூச்சி. சாரத்தில் இருந்தபோது விஜயா கரப்பான்பூச்சியை விளக்குமாறோடு துரத்தியவள். இப்போது பிளாஸ்டிக் டப்பாக்களில் கரப்பான் வளர்த்தாள். அதுகளுக்குக் கேரட் துருவிப் போட்டாள்.

எட்டு மாதத்தில் மர்சேலுக்கு இடுப்பு வந்தது. ஒருநாள் தொட்டியைத் துடைக்கப் போன என் முழங்காலில் வாலால் ஓங்கி ஓர் அடி. லீலா கைதட்டினாள். "ஓடுதா, அடிக்குதா? அப்ப பொழச்சிக்கும் சார்" என்றான் அய்யனார். தோகோ உடும்புக்கும் முந்திரித் தோப்பு உடும்புக்கும் குணம் ஒன்றுதான் என்பதில் அவனுக்குத் தனி சந்தோஷம்.

அதற்குள் லீலாவின் தமிழ் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கொஞ்சம் குடுங்க, நான் பேசிக்கிறேன்" என்று என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, மர்சேலின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள். உடும்பின் செரிமானத்தைப் பற்றி அவ்வளவு நேரம் பேச முடியாது என்பது எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும்.

6

அடுத்த விடுமுறைக்கு அவள் தனியாக ஊருக்குப் போனாள். வந்ததும் சொன்னாள், அய்யனாரைத்தான் கட்டிக்கொள்ளப் போவதாக. அக்காவுக்கு மனத்தாங்கல். மீன்காரர்கள் வீட்டுச் சம்பந்தமா என்று முணுமுணுத்தாள். எனக்கு உண்மையில் சந்தோஷம். நேர்மையான பையன், கைத்தொழில் தெரிந்தவன், இங்கே எலக்ட்ரீஷியனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. பச்சைக் கோப்பை எடுத்துத் தூசி தட்டி வைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டேன்.

"பேப்பரெல்லாம் நான் பாத்துக்கறேன். எப்ப வர்றதா உத்தேசம்?"

"நான் வர்ல சார்."

"அம்மாவ நெனச்சா?"

"இல்ல சார். அம்மா போடான்னுதான் சொல்லுது. எனக்குத்தான் இஷ்டமில்ல. இங்க நான் கை வச்சா மோட்டரு ஓடுது. அங்க வந்து நான் யாரு சார்?"

எங்கள் ஊரிலிருந்து பிரான்சு வேண்டாம் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"அப்ப நான்தான் போறேன், பாப்பா" என்றாள் லீலா.

நான் கத்திவிட்டேன். உங்க தாத்தா கையெழுத்துப் போட்டது எதுக்கு, நான் பட்டாளத்துல பாரக் பாரக்காகப் பானை கழுவினது எதுக்கு, நாங்க இவ்ளோ கஷ்டப்பட்டு இங்க வந்தது எதுக்கு?

"நீங்க வந்தீங்க" என்றாள். "நான் வரல. நான் இங்கதான் பொறந்தேன். நான் இன்னும் எங்கயுமே போனதில்ல."

ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எட்டாம் நாள் விஜயா என் முன்னால் காப்பியை வைத்துவிட்டு, "நீங்க மட்டும் உங்க அப்பாகூடவே இருந்துட்டீங்களாக்கும்?" என்றாள். அன்று சாயங்காலம் நானே லீலாவை மர்சேலின் அறைக்குள் போய்ப் பார்த்தேன். தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இந்தியாவில் உடும்பு வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்காது. மர்சேல் அவளோடு போக முடியாது. அவள் மண்ணுக்குள் கையை விட்டு அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாங்க பாத்துக்கறோம்" என்றேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்ல?

கல்யாணம் கனகசெட்டிக்குளத்தில் நடந்தது. மார்க்கெட்டில் மீன் விற்கும் அய்யனாரின் அம்மா தனம், வந்தவர்களிடமெல்லாம் ஒரே சேதியைத்தான் சொன்னார். "எம் புள்ள பிரான்சுக்குப் போவும்னு எல்லாரும் சொன்னாங்க. பிரான்சு இங்க வந்துட்டுது."

லீலா ஊரிலேயே தங்க வேண்டுமென்றால் இந்திய வம்சாவளி என்று நிரூபிக்க வேண்டும். அவளோடு நானும் புதுச்சேரியில் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்ட்டரில் இருந்தவர் என் பிறப்புப் பதிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ள எப்ப பிரான்சு போறாரு?"

"போவல. நான்தான் இங்க இருக்கப்போறேன்" என்றாள் லீலா.

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு என் பதிவை மறுபடி எடுத்து, "உங்க அப்பா பொறந்தப்ப இது பிரான்சும்மா. அப்ப இந்திய வம்சம்னு எப்படிப் போடறது?" என்றார்.

பிரான்சில் போய் நின்றால் நீ இந்தியாவில் பிறந்தவனாயிற்றே என்கிறார்கள், இங்கே வந்தால் பிரான்சில் பிறந்தவன் என்கிறார்கள். மேலதிகாரியைப் பார்த்து, மறுநாள் வந்து, அதற்கடுத்த வாரமும் வந்து, கடைசியில் முத்திரை விழுந்தது. நான் பிரெஞ்சுக்காரன் என்று நிரூபிக்க முப்பது வருடம் சுமந்த அதே பதிவு என் மகள் இந்தியக்காரி என்பதற்கும் போதுமானதாக இருந்தது.

7

இப்போது லீலாவுக்கு ஒரு பெண் குழந்தை. ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள். முதலில் மர்சேல், பிறகு அவள் அம்மா, நேரமிருந்தால் நான்.

ஊரோடு போய்விடலாம் என்று விஜயாவுக்குக் குழந்தை பிறந்த நாளிலிருந்து ஆசை. எனக்கும்தான். ஓய்வூதியம் எங்கே இருந்தாலும் வரும். ஆனால் மர்சேலை யாரிடம் விடுவது? கல்யாணம்வரை நாங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்த்துக்கொண்ட லீலாவின் மருத்துவமனைத் தோழி வேலை மாறிப் போய்விட்டாள். கேட்ட காப்பகங்களில் எல்லாம் இடமில்லை என்றார்கள். அக்கம்பக்கத்தில் சொன்னால் ஒரு நாள் பூனையைப் பார்த்துக்கொள்வார்கள். கரப்பான் வளர்க்க மாட்டார்கள். அதனால் விஜயா போய் வந்தால் நான் போகிறேன், நான் வந்தால் அவள் போகிறாள். பேத்தி எங்கள் இருவரையும் சேர்த்து இதுவரை பார்த்ததில்லை.

"எப்பத்தான்டா வருவீங்க?" என்கிறாள் அக்கா.

"மர்சேல் இருக்குதேக்கா."

"அத ஒரு கொழம்பு வச்சிட்டுக் கெளம்புங்களேன்டா!"

போன வியாழக்கிழமை வருடாந்தரப் பரிசோதனை. விஜயாவும் கூட வந்தாள். வழக்கமாக வரமாட்டாள். மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், படம் எடுத்தார். நான் சாதாரணமாகக் கேட்பதுபோல, இந்த இனம் எத்தனை வயதுவரை இருக்கும் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எதற்காகக் கேட்டேன் என்று எனக்கே தெரிந்தது. விஜயாவின் பக்கம் திரும்பவில்லை. அவரோ பெருமையாகச் சிரித்து, ஈரல் சுத்தமாகிவிட்டது, இவ்வளவு நன்றாக வைத்துக்கொண்டால் இன்னும் பத்து வருடம்கூட இருக்கும் என்றார். எங்கள் இருவருக்கும் கைகொடுத்தார்.

பெட்டியைப் பின் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். விஜயாவுக்கு மருத்துவரின் பிரெஞ்சு பாதிதான் புரியும்.

"என்ன சொன்னாரு?"

இந்த முறை மாற்றாமல் சொன்னேன். "இன்னும் பத்து வருஷம் இருக்குமாம்."

பெட்டிக்குள் நகம் பிறாண்டும் சத்தம் கேட்டது. சிவப்பு விளக்கில் நின்றபோது விஜயா சொன்னாள்.

"அந்தத் திரைச்சீலைக் கடை இன்னைக்குத் தொறந்துருக்குமா? ஊருக்குப் போகப்போறவங்களுக்குப் புதுசு எதுக்குன்னு ரெண்டு வருஷமா அந்தக் கிழிஞ்சதையே மாட்டியிருக்கோம்."